பின்பால்கனிப் போர்வை

விசாலாக்ஷிக்கு ஊசி பிடிக்கத் தெரியும். தைக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. சட்டைக்குப் பொத்தான் வைப்பாள், பாவாடைக் கிழிசலை இழுத்து மூடுவாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் யுத்தகாலத்து ஜனவரி ஒன்றில், கணவர் வெங்கடேஸ்வரன் ரயில்வே ஆபீசுக்குப் புறப்பட்ட பிறகு, மாட்டுங்கா வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து தன் பட்டுப் புடவையைக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

உள்ளேயிருந்து வந்த அம்மிணி அப்படியே நின்றுவிட்டாள். அவள் வெங்கடேஸ்வரனின் அக்கா. சிறுவயதிலேயே கணவனை இழந்து தம்பியோடு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டின் ஆசாரம் முழுவதும் அவள் கையில் இருந்தது.

"விசாலம், உனக்கென்ன பிராந்து பிடிச்சிருக்கா?"

"போர்வை தைக்கறேன் அக்கா. ஷ்யாமளாவுக்கு."

"பட்டிலயா?"

"பட்டுக்குத் தீட்டில்லைன்னு நீங்கதானே சொல்வேள்."

அம்மிணியே சொன்ன சட்டந்தான் அது.

மாதவிலக்கு நாட்களில் அந்த வீட்டுப் பெண் பின்பால்கனியில் ஒதுங்கியிருக்க வேண்டும். அவள் தொட்ட பருத்தித் துணி எதுவானாலும் நனைத்துத் துவைத்த பிறகே வீட்டுக்குள் வரலாம். தினம் நனைக்கக்கூடியதா மெத்தையும் போர்வையும்? ஆகவே படுக்கை ஒரு சாக்கு, தலைக்கு ஒரு பலகை. விசாலாக்ஷி பதினைந்து வருஷமாக அந்தச் சாக்கில் படுத்து எழுந்தவள். தனக்காக ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் இப்போது மகளின் முறை வந்துவிட்டது. போன மாதம் ஷ்யாமளா அங்கே படுத்தாள். தண்டவாளப் பக்கமிருந்து வீசிய ஊதற்காற்று அவள் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலாக வந்து நின்றது. இன்னொரு முறை குளிர் பட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறைக்கு அதிக நாளில்லை.

கம்பளி வாங்கலாமென்றால் கம்பளியெல்லாம் சிப்பாய்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரனோ, வீட்டில் காற்றடிக்கும்போதெல்லாம் பேப்பரைத் தட்டியாக விரித்துக்கொண்டு அதன் பின்னால் ஒதுங்குகிறவர்.

"அக்கா மனசும் நோகப்படாது, குழந்தைக்கும் குளிரப்படாது. ரெண்டுக்கும் ஒரு வழி பாரேன்" என்று பேப்பருக்குள்ளிருந்தே சொல்லிவிட்டார்.

விசாலாக்ஷி கண்டுபிடித்த வழி பட்டு. உள்ளே பழைய வேட்டிகளை அடுக்கி, மேலும் கீழும் பட்டால் மூடிவிட்டால் ஆசாரம் வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

ஆசாரம் மூடிக்கொண்டிருக்கும், பட்டுதான் ஒத்துழைக்கவில்லை. கட்டம் கட்டமாக வெட்டிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, வேட்டிகளின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் முதலில் தைத்து முடித்தாள். பிறகு நடுவே ஊசியை இறக்கினால் பட்டு ஒரு பக்கம் வழுக்கியது, வேட்டி ஒரு பக்கம் சுருண்டது. ஓரம் அடைபட்டுவிட்டதால் மிஞ்சிய துணி போக இடமில்லாமல் நடுவில் ஆப்பம்போல் உப்பிக்கொண்டது. ஜரிகை பிரிந்து விரலைக் குத்தியது.

பக்கத்து வீட்டு மராத்திக்காரி குசும்தாயி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ரேஷ்மாச்சி கோதடி? பட்டிலா போர்வை? விசாலாபாய், இதில் உன் பெண் படுப்பாளா, வழுக்கிக் கீழே விழுவாளா?"

விசாலாக்ஷிக்கும் சிரிப்பு வந்தது. குசும்தாயியின் வீட்டில் கோதடி என்று வழங்கும் ஒட்டுப்போர்வை கைப்பிடிக் கம்பியில் வெயிலுக்குத் தொங்கியது. எழுந்து போய் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்திப் புடவைகள். எந்த இடத்திலும் உப்பலில்லை. ஓரத்து மடிப்பு மற்றத் தையல்களின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் ஓரம் கடைசியில் தைத்தது.

வீட்டுக்கு வந்து பட்டின் தையலையெல்லாம் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவளுக்குள்ளும் எதுவோ பிரிந்தது. பெண்ணுக்குக் குளிராமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் எதற்கு? பயந்துகொண்டு தைத்ததனால்தானே பட்டில் தைக்கத் தோன்றிற்று?

பெட்டியிலிருந்து தன் பழைய ஒன்பது கஜப் பருத்திப் புடவைகள் இரண்டை எடுத்தாள்.

"அது தீட்டுப்படும்" என்றாள் அம்மிணி.

"படட்டும் அக்கா."

இந்த முறை நிதானமாகச் செய்தாள். ஒரு புடவையை மடித்துத் தரையில் விரித்து, மூலைகளில் பித்தளைப் பாத்திரங்களைப் பாரமாக வைத்தாள். அதன்மேல் வேட்டிகள், அதற்கும்மேல் இன்னொரு புடவை. உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிச் சுருக்கத்தை வெளியே தள்ளினாள். அடுக்குகள் நகராமலிருக்க நடுவில் தொடங்கி நான்கு திசைக்கும் நீள நீளமாக, பிறகு உருவிவிடக்கூடிய ஓட்டுத்தையல் போட்டாள். பிறகு ஒரு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகச் சிறு தையல். வரிசை கோணிற்று; கோணட்டும் என்று விட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷ்யாமளா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை கோபமா இருக்காளே அம்மா. எதுக்கு வம்பு? நான் சாக்கிலயே படுத்துக்கறேன்."

"கேளு. மழைக்காலத்தில ஒரு தையல்சிட்டு இலை ரெண்டைச் சேர்த்துத் தைச்சிண்டிருந்துதாம். குளத்துத் தவளை பார்த்தது. 'மழைன்னா நனையணும். இந்தக் குளத்தில எல்லாரும் நனையறோம், அதுதான் முறை'ன்னுது. 'உன் தோல் நனையறதுக்குன்னே வந்த தோல். என் குஞ்சுக்கு இன்னும் இறகே முளைக்கலை'ன்னுட்டுச் சிட்டு தைச்சிண்டே இருந்துதாம்."

"தவளை யாரு, அத்தையா?"

"தவளை தவளைதான். வாயை மூடிண்டு நூல் கோத்துக் குடு."

கடைசியாக ஓரத்தை மடித்துத் தைத்து, ஓட்டுத்தையலை உருவி எடுத்தபோது போர்வை தட்டையாகக் கிடந்தது. அழகாக இருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த வாரமே ஷ்யாமளா பின்பால்கனிக்குப் போக வேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்ததும் காற்று எழுந்தது. அவள் இருமல் சமையலறை வரை கேட்டது.

"போர்வையை எட்ட நின்னு தூக்கிப் போட்டுட்டு வா. நாளைக்கு அவளே நனைச்சுக்கட்டும்" என்றாள் அம்மிணி. அவளளவில் அது பெரிய சலுகை.

விசாலாக்ஷி பால்கனிக்குப் போனாள். எட்ட நிற்கவில்லை. சாக்கின்மேல் போர்வையின் ஒரு பாதியை விரித்து, மகளைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, மறுபாதியால் கழுத்து வரை மூடி இரு பக்கமும் செருகினாள். நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தாள். பிறகு குளிக்காமல், புடவை மாற்றாமல், நேரே சமையலறைக்குள் நுழைந்து சாதப் பாத்திரத்தைத் திறந்தாள்.

அம்மிணி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வெங்கிட்டு, பாத்தியாடா? தொட்ட கையோட அடுப்பங்கரைக்குள்ள வந்துட்டா. இதை நீ சாப்பிடப் போறாயா?"

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. வெங்கடேஸ்வரன் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பின்பால்கனியிலிருந்து இருமல் சத்தம் வரவில்லை. அதையும் கவனித்திருப்பார் போலும்.

"சாதம் ஆறறது" என்றாள் விசாலாக்ஷி.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தார். ரசம் விட்டுப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போடுகிறவரை தலையை நிமிர்த்தவேயில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மிணி.

"உங்களுக்குப் பாலும் பழமும் சாயங்காலமே உங்க அலமாரியில எடுத்து வச்சுட்டேன் அக்கா. அதைத் தொடலை."

"அப்போ எல்லாம் தீர்மானம் பண்ணிண்டுதான் செஞ்சிருக்காய்."

"பட்டைப் பிரிச்ச அன்னிக்கே."

அம்மிணி கோபம் பாதியும் களைப்பு பாதியுமாகக் கேட்டாள்: "இனிமே மாசாமாசம் இப்படித்தானா? இந்தப் போர்வையைத்தான் பாத்துண்டிருக்கணுமா?"

"இல்லை அக்கா. குளிர் விட்டதும் போர்வை வேண்டியிருக்காது" என்று சொல்லிக் கணவருக்கு மோர் விட்டாள் விசாலாக்ஷி. "அப்போ அவ பாயை உள்ளே கூடத்தில போட்டுடுவேன்."