கடைசி மதகு

எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்று தாத்தாவுடையது, ஒன்று அப்பாவுடையது, மூன்றாவது என்னுடையது. ஐஸ்தெத்வோத் என்று நாங்கள் சொல்லும் கவிதைத் திருவிழாவில், வெல்ஷ் மொழியில் சிறந்த கவிதை எழுதியவருக்கு நாற்காலிதான் பரிசு. ஸ்பானிஷ் பேசும் இந்த நாட்டில் வேல்ஸ்காரர்கள் வந்து குடியேறிய சூபூத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறை விடாமல் அதை வென்றது எங்கள் பெவன் குடும்பம் மட்டும்தான். சனிக்கிழமைதோறும் நானே துடைத்து வைக்கிறேன். அவற்றில் யாரும் உட்காருவதில்லை.

என் ஒரே மகள் நெஸ்தா பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஓரேலியோ என்பவனைக் கத்தோலிக்கக் கோயிலில் மணந்தாள். கொமோதோரோவில் எண்ணெய்க் கிணற்று வேலை அவனுக்கு. ஸ்பானிஷ் தவிர ஒரு சொல் தெரியாது. நான் திருமணத்துக்குப் போகவில்லை. முந்தின நாள் சமையலறையில் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"இனி இந்த வாசலை மிதிக்கணும்னா நாற்காலி ஜெயிச்சுட்டு வா."

சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவளும் பெவன்தான். தாய் ஒல்வென் இறந்தபோது வந்தவள், கல்லறையில் மண் போட்டுவிட்டு அப்படியே பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

போட்டிக்குக் கவிதை அனுப்புகிறவர் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். விழாவில் நடுவர் புனைபெயரைப் படிப்பார், எக்காளம் ஊதும், அந்தப் பெயருக்கு உரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து நிற்பார். அதுவரை யாரென்று யாருக்கும் தெரியாது. பழைய நாற்காலிக்காரன் என்பதால் எனக்கு முன்வரிசை. எக்காளம் ஊதியதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் திரும்பமாட்டேன். பின்னால் எந்த பெஞ்சு கிறீச்சிடுகிறது, எழுகிறவர் காலடி கனமா, லேசா என்று காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்டோபர் மாதத்து அந்தச் சில நொடிகளுக்காகத்தான் மிச்ச மாதங்களைத் தள்ளினேன். பதினெட்டு முறை வேறு யாரோ எழுந்தார்கள்.

நாற்காலி முடிந்ததும் ஸ்பானிஷ் கவிதைக்குக் கிரீடம் சூட்டுவார்கள். அப்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஊருக்கே தெரியும். என் இடத்தில் அந்த நேரம் யாராவது கோட்டைக் கழற்றி வைப்பதும் உண்டு.

இந்த வருடம் நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வந்த கவிதைகளில் எதுவும் நாற்காலிக்குத் தகுதியானதில்லை என்றார். எக்காளமே ஊதவில்லை. எனக்கு எண்பத்தொரு வயது. எழுந்தேன்.

விழா மண்டபத்தின் பின்கட்டுச் சமையலறையில் ஒல்வெனின் தங்கை மோர்வித் கறுப்புக் கேக்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"கிளம்பியாச்சா? இன்னைக்கு ஒரு நாள் உள்ளயே இருங்களேன், அத்தான்."

"எதுக்கு?"

"காத்து புழுதியை வாரி அடிக்குது. தொப்பி பறந்தா பிடிக்க ஓடுவீங்களா, இல்ல அதுவே திரும்பி வரட்டும்னு நிப்பீங்களா?"

"வழியை விடு, மோர்வித்."

"அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ! போங்க. டீ கேட்டு வந்தீங்கன்னா கிடையாது, சொல்லிட்டேன்."

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சுவரோரமாக நின்றேன். காற்றில் பாப்லர் மரங்கள் வளைந்து நிமிர்ந்தன. உள்ளே நடுவர் ஸ்பானிஷில் பேசுவது கேட்டது. எனக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் பிறந்து எண்பது வருடம் வாழ்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? வீட்டில் பேசியதில்லை, அவ்வளவுதான்.

"கிரீடம் பெறுபவரின் புனைபெயர், கடைசி மதகு."

அந்தப் பெயரைக் கேட்டதும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வெட்டிய வாய்க்காலில் எங்கள் பண்ணைதான் கடைசி. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். தாமதமானால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்து போய்க் கேட்கலாம். எல்லோரும் கேட்பார்கள். பெவன்கள் கேட்டதில்லை. ஒரு ஜனவரிக் கோடையில் ஒல்வென் வைத்த பேரிக்கன்றுகள் முப்பதும் கருகின. அப்போதும் நான் மதகடியிலேயே நின்றேன்.

நடுவர் கவிதையைப் படிக்க ஆரம்பித்தார். அதில் ஒரு மனிதர் மதகுப் பலகையில் கை வைத்து நிற்கிறார். வெறும் வாய்க்காலைப் பார்க்கிறார். மேலே கால் மணி நேர நடையில் தண்ணீர் இருக்கிறது. அவருடைய சின்ன மகள் ஒரு வாளியோடு பக்கத்தில் நின்று கேட்கிறாள்: நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா? அவர் வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் வளர்ந்து, தண்ணீர் இருக்கும் பக்கம் நடந்து போகிறாள். திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். அவர் அங்கேயே நிற்கிறார், அவளுக்காகத்தான் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிகிறது.

கவிதையில் பழி இல்லை. இருந்திருந்தால் சுவரைப் பிடித்தபடியே நின்றிருப்பேன்.

எக்காளம் ஊதியது. ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. கைதட்டல் எழுந்தது. ஜன்னலில் மோர்வித்தின் தலை தெரிந்தது.

"கேக்குதா, அத்தான்? காலையில என் வீட்டுல வந்து இறங்கினா. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் சொல்லல. எக்காளம்தான் சொல்லுச்சு."

நான் சமையலறை வழியாக நடந்தேன். இந்த முறை அவள் குறுக்கே நிற்கவில்லை.

மேடையில் நெஸ்தா தலை குனிந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. அவள் தலைக்கு மேலே என் பள்ளித்தோழன் ப்ளெத்தின் வாளைப் பாதி உருவிப் பிடித்திருந்தான். கவிதை எந்த மொழியில் இருந்தாலும் முடிசூட்டுமுன் கூட்டத்தை வெல்ஷில் மூன்று முறை கேட்க வேண்டும் என்பது முறை.

"சமாதானம் உண்டா?"

"சமாதானம்!" என்றது கூட்டம். இரண்டாவது முறையும். மூன்றாவது முறையும்.

வாள் உறைக்குள் போனது. சபை அடங்கியது. அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"சமாதானம்."

தனிக்குரலாக, பின்கதவிலிருந்து. எல்லாத் தலைகளும் திரும்பின.

"நான் நாலாவது தடவை கேக்கலையே, இத்வால்!" என்றான் ப்ளெத்தின். சபை சிரித்தது. நெஸ்தா சிரிக்கவில்லை.

நடுவழியில் முன்னோக்கி நடந்தேன். தடி ஊன்றாமல்தான் நடந்தேன். மேடையின் கீழ் நின்றபோது என் கண் அவள் காலணியின் உயரத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நாற்காலி கிடைக்கலப்பா," என்றாள். வெல்ஷில்தான் சொன்னாள். அவள் அம்மாவின் உச்சரிப்பு அப்படியே இருந்தது. "வெல்ஷ்ல ஒவ்வொரு வருஷமும் எழுதிப் பார்த்தேன். அனுப்புற மாதிரி ஒண்ணும் வரல."

"வீட்டுல மூணு கிடக்கு," என்றேன். "வந்து ஒண்ணுல உட்காரு."