பிரிய வேண்டிய மடிப்பு

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. இன்ஜினின் ஐந்தாவது பிளக்குக்கும் ஏழாவது பிளக்குக்கும் போகும் வயர்களை மாற்றி ஒட்டிவிட்டேன். ஓடாத மாடல் இன்ஜின்தான், யாருக்கும் தெரியப் போவதில்லை. இருந்தாலும் பிடுங்கி மறுபடி ஒட்டினேன். பிடுங்கியதில் இன்ஜின் மூடியில் ஒரு கீறல். கீறலுக்கு வியாழக்கிழமை பெயின்ட்.

இதை எழுதிய பெண்ணை வீட்டில் எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில், பிரேமுக்குத் தக்கபடி லென்ஸை அரைத்துப் பொருத்தும் வேலை. வாரத்தில் இரண்டு மாலைகள் மாடல் செய்யும் வகுப்பு. அவள் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் கிடக்கும். ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி எடுத்தால்கூட, "இருங்க, ஸ்கேல் வந்து அளக்கட்டும்" என்பார் அம்மா. அவள் வந்து அளப்பாள். பிறகு சந்தேகம் வந்து இன்னொரு தடவை அளப்பாள்.

வகுப்பில் அவள் செய்துகொண்டிருந்தது அக்காவின் கார். அக்கா பகலில் பேருந்துப் பணிமனையில் வெல்டர். விடுமுறை கிடைத்த சனிக்கிழமைகளில் டிராக் ரேஸ் ஓட்டுகிறவள். நூல் பிடித்தாற்போல நேராகக் கிடக்கும் பாதையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் கால் மைல் தூரத்தை யார் முதலில் தொடுவது என்பதுதான் போட்டி. வளைவு கிடையாது, சாமர்த்தியமாக ஒடித்துத் திருப்புவது கிடையாது. அக்காவின் கார் பச்சை நிறம், நீள மூக்கு. பின்னால் பருத்த டயர்கள், முன்னால் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாக இரண்டு. யானைக்குக் கொக்குக் கால் வைத்த மாதிரி இருக்கும்.

அந்தக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொண்டிருந்தாள் ஸ்கேல். பெட்டியில் வந்த மாடல் வெறும் கூடுதான். மற்றதெல்லாம் அவள் கை வேலை. சீட் பெல்ட்டை ரிப்பனில் வெட்டி, அதன் ஓரத்தில் அக்காவின் கைபட்ட அழுக்கைக்கூடத் தேநீர்க் கறையால் வைத்திருந்தாள். பிரேக் குழாய்களைக் காரின் வயிற்றுப் பக்கம் ஓட்டியிருந்தாள். தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும்.

"யாரும்மா திருப்பிப் பார்க்கப் போறா?" என்று பக்கத்து மேசையில் பாய்மரக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா கேட்டார்.

"நான் பார்ப்பேனே."

"நல்லவேளை, நீ பல் டாக்டரா ஆகல. ஒரு பல்லு பிடுங்க வந்தவங்க ஒரு மாசம் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கணும்."

வியாழக்கிழமை மாலை, வகுப்பு முடியும் நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள். வழக்கமாக வாசலில் ஹார்ன் அடிப்பதோடு சரி. அன்று மேசைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, முகவாயைப் பலகையில் வைத்து, காரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"அடிப்பாவி, என் அழுக்கைக்கூட விடலையா?"

ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்தது. "பின்னாடியும் பாருக்கா" என்றாள்.

பார்த்தாள். பின்னால், பம்பருக்கு மேலே, அரிசி மணி இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கறுப்புப் பை இருந்தது. நிஜக் காரில் அதற்குள் பாராசூட் இருக்கும். அந்த வேகத்தில் ஓடுகிற காரை நிறுத்த பிரேக்கை மட்டும் நம்பிப் பயனில்லை. கோட்டைத் தாண்டியதும் அக்கா ஒரு கைப்பிடியை இழுப்பாள். பையை மூடியிருக்கும் ஊசி கழன்றுகொள்ளும். ஸ்பிரிங் வைத்த குட்டிப் பாராசூட் வெளியே குதித்து, காற்றைப் பிடித்து, பெரியதை இழுத்து விரிக்கும்.

அக்கா நகத்தால் அந்தப் பையின் மூடியை மெல்ல நெம்பினாள். உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"இதென்னடி?"

"களிமண்ணு."

"பாராசூட் எங்க?"

"ஓரத்துல துணி தெரியுது பாரு."

"அது நாக்கு நீட்டுற மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ள?"

"துணியைச் சின்னதா வெட்டலாம்க்கா. துணியோட தடிமனை எப்படி வெட்டுறது? இந்த அளவுல மடிக்க வராது. எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க."

"வாஸ்தவம்தான்" என்றார் பல் டாக்டரம்மா. "என் கப்பலோட அடித்தளத்துலகூட பழைய பேப்பர்தான் இருக்கு."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு மூடியை மறுபடி அழுத்தி மூடினாள். வண்டியில் ஏறி, இரண்டு தெரு தாண்டியதும் விஷயத்தைச் சொன்னாள்.

"மூட்டை போயிட்டான்."

மூட்டை என்பவன் அக்காவோடு வேலை பார்த்தவன். ரேஸ் காரின் பாராசூட்டை மடித்து மூட்டை கட்டுவது அவன் பொறுப்பு என்பதால் அந்தப் பெயர். அவன் மடிக்கும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டான். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம்.

"அடுத்த சனிக்கிழமை ரேஸ். நீ மடிக்கிறியா?"

"நானா? அத்தான் இருக்காரே."

"உங்க அத்தான் சட்டையவே மடிக்க மாட்டாரு. இன்ஜினோட மல்லுக்கட்டவே அவருக்கு நேரம் பத்தாது."

"நீயே மடிக்கலாமே."

"ஒரு தடவை மடிச்சேன். ஓட்டுறப்போ அந்த மடிப்பே கண்ணு முன்னாடி நின்னுச்சு. பச்சை விளக்கு விழுந்ததுகூடத் தெரியல. மடிக்கிறவ வேற, இழுக்கிறவ வேறயா இருக்கணும். ஆள் கிடைக்கலன்னா இந்த ரேஸ் வேணாம்னு சொல்லிடுவேன்."

"நான் கேஸ் மூடினேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவ. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்போ அதனாலதான் கேக்கறியா? சந்தேகப்படுறவ கவனமா இருப்பான்னா?"

"சேச்சே. மூட்டைக்கு வாழ்க்கையில ஒரு சந்தேகமும் கிடையாது. அவன் மடிச்சதும் நல்லாத்தான் திறந்துச்சு. நீ பக்கத்துல இருக்க, உனக்குக் கை ஓடும். வேற யாரு இருக்கா, சொல்லு."

இதைவிட இனிப்பாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஸ்கேலுக்குப் பட்டது. ஆனால் இனிப்பாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து மாடலை மேசையில் வைத்தாள். தடிமனைப் பற்றி அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான் என்று அவளுக்கே தெரிந்தது. யாரும் பார்க்காத பிரேக் குழாயை வளைக்கத் தெரிந்தவள், அந்தப் பையை மட்டும் வெளியிலிருந்து நீளம், அகலம், உயரம் அளந்துகொண்டு வந்துவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது, எது மேல், எது கீழ் என்று ஒரு நாளும் மூட்டையிடம் கேட்டதில்லை. காரில் மற்றதெல்லாம் அக்காவை ஓட வைப்பவை. இது ஒன்றுதான் அவளை நிறுத்தித் திருப்பி அனுப்புவது. அதன் பக்கம் போகவே கை கூசியிருக்கிறது.

'பார்க்கிறேன்' என்று மட்டும் அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்.

ஞாயிறு காலை அத்தானின் கொட்டகைக்குப் போனாள். கார் வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. அத்தான் காரின் மூக்குக்குள் தலையைவிட்டபடியே, "வாம்மா ஸ்கேல், இன்னைக்கு என்னை அளக்காம விட்டா சரி" என்றார்.

மூட்டை கடைசியாக மடித்து வைத்தது பையில் அப்படியே இருந்தது. அதை அவள் ஒவ்வொரு மடிப்பாக வெளியே எடுத்து, எடுக்க எடுக்கப் படம் பிடித்துக்கொண்டாள். மேலே ஸ்பிரிங் வைத்த குட்டி. அதன் கீழே விசிறி மடிப்பாகப் பெரிய துணி. அடியில் பாம்பு போல வளைந்து வளைந்து கயிறுகள். பையோடு வந்த வழிமுறைத் தாளையும் பக்கத்தில் விரித்துக்கொண்டாள். மூட்டையின் மடிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கில்லை. ஒரு மடிப்பு நீளம், ஒன்று குட்டை. அவசரத்தில் ஊருக்குக் கிளம்புகிறவன் பெட்டியில் துணியை அமுக்கின மாதிரி.

அவள் மடித்தது அப்படி இல்லை. ஒவ்வொரு மடிப்பின் ஓரமும் அடுத்ததன் ஓரத்தோடு சேர்ந்து நின்றது. ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினாள். மூலைகளில் மிச்சமிருந்த துணியை விரலால் உள்ளே திணித்தாள். மூடிகளை இழுத்து மூடியபோது பை செங்கல் மாதிரி இறுகி நின்றது. கடைசியில் ஊசியைச் செருகி, அது அசைந்து கழன்றுவிடக் கூடாதே என்று அதன் நுனியைக் குறடால் துளி வளைத்துவிட்டாள்.

அத்தான் வந்து பார்த்தார். "கடையில வாங்கின மாதிரி இருக்கே!"

அக்கா காரில் ஏறி உட்கார்ந்தாள். "இழுக்கட்டுமா?"

"இழு."

கைப்பிடி அசையவில்லை. அக்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கடைசியில் 'டக்'கென்று ஊசி கழன்றது. பை திறக்கவில்லை. கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். கொஞ்சம் கழித்து ஒரு மூடி மட்டும் சோம்பலாக மடங்கியது. ஸ்பிரிங் பக்கவாட்டில் சாய்ந்தது. துணி முழுவதும் ஒரே கட்டியாகப் பொத்தென்று தரையில் விழுந்தது.

அத்தான் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

அக்கா இறங்கி வந்து அந்தக் கட்டியைக் காலால் லேசாகத் தொட்டாள். "அழகா இருக்கு" என்றாள். "அழகா அப்படியே இருக்கு."

ஸ்கேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான்தான் சொன்னேனேக்கா. எனக்கு வராது. வேற ஆளைப் பாரு."

"ஊசியை ஏன் வளைச்ச?"

"கழன்றுடக் கூடாதுன்னு."

"அது கழலத்தானே இருக்கு?"

அக்கா அதட்டவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். ஸ்கேலின் கையில் இருந்த குறடு மாடல் வகுப்பிலிருந்து கொண்டுவந்தது. அங்கே எதைச் செய்தாலும் அசையக் கூடாது, உதிரக் கூடாது, வைத்தது வைத்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் பசை, அதற்காகத்தான் கம்பி நுனியை வளைப்பது. கடையில் லென்ஸும் அப்படித்தான்; பிரேமைவிட்டு விழுந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். இத்தனை நாளும் அவள் கை பழகியது சேர்த்து வைக்க மட்டுமே. பிரிவதற்கென்று எதையும் அவள் செய்ததில்லை.

மூட்டையின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். குட்டை மடிப்பு, நீள மடிப்பு, மூலைகளில் காலியாக விட்ட இடம். அவசரம் என்று நினைத்தது அவசரமாக இல்லாமலும் இருக்கலாம். வழிமுறைத் தாளில், மூலைகளில் திணிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. காலையில் அதைப் படித்திருந்தாள். படித்துவிட்டு, அது ஒழுங்காக மடிக்கத் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று தாண்டிப் போயிருந்தாள்.

"வேற ஊசி இருக்கா அத்தான்?"

அத்தான் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை ஸ்டீல் ஸ்கேலைத் தன் பையிலிருந்து எடுக்கவில்லை. கயிறுகளை வளைத்து வளைத்து அடியில் இட்டாள். துணியை விசிறி மடிப்பாக வைத்து, கையை எடுத்தாள். ஓரங்கள் கோணலாக நின்றன. விரல் தானாகத் தட்டப் போனது; இழுத்துக்கொண்டாள். மூலைகள் காலியாக இருந்தன. ஸ்பிரிங்கை அமுக்கி, மூடிகளை மடித்து, ஊசியை நேராகச் செருகினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"முன்னது மாதிரி லட்சணமா இல்லையே" என்று அருகில் குனிந்தார் அத்தான்.

"தள்ளி நில்லுங்க அத்தான்."

"அட, நான் பார்க்காத பாராசூட்டா?"

அக்கா இழுத்தாள். குட்டிப் பாராசூட் சீறிக்கொண்டு பாய்ந்து, நேராக அத்தானின் மூக்கில் அறைந்தது.

"ஐயோ!"

"நல்லா வேணும்" என்று அக்கா காருக்குள்ளிருந்து கத்தினாள். "திறந்துச்சா? நிஜமா திறந்துச்சா?"

ஸ்கேல் குட்டிப் பாராசூட்டைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு நடந்தாள். பின்னாலேயே துணி மடிப்பு மடிப்பாக வந்தது. அதன் பின்னால் கயிறுகள், ஒன்றோடொன்று சிக்காமல், நீண்டு நேராகின. எதிர் வீட்டுக்காரர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கயிறு காரிலிருந்து முழுவதும் இழுபட்டு விறைத்து நின்றதும் அவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு தடவை திறந்தா போதாதுக்கா" என்றாள் ஸ்கேல்.

"போதாது."

"நான் மடிச்சது திறக்குமான்னு சனிக்கிழமையும் எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கும்."

"அது உன் பாடு. பின்னாடி என்ன இருக்குன்னு நான் நினைக்க மாட்டேன். அது என் பாடு. சம்மதமா?"

எதிர் வீட்டுக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஸ்கேல் கையிலிருந்த துணியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"சம்மதம். அத்தானை மட்டும் பின்னாடி நிக்க விடாதே."

மார்ச் 16, ஞாயிறு. முதல் மடிப்பு திறக்கவில்லை. காரணம்: மூலைகளில் திணித்தது, ஊசியை வளைத்தது. இரண்டும் என் வேலை. இரண்டாவது திறந்தது. சனிக்கிழமை நான்தான் மடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளை கடை முடிந்ததும் கொட்டகைக்குப் போக வேண்டும். துணியைத் தரையில் விரித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறுகளின் தையலையும் பார்க்க வேண்டும். பிறகு மடித்து, அக்காவை இழுக்கச் சொல்ல வேண்டும்.