உள்ளே யாரோ இருக்கிறார்கள்

எங்கள் வீட்டு முன்னறையில் நானும் மாமாவும், அதாவது அக்காவின் கணவர், சொந்தமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துகொண்டிருந்தோம். ஏற்கெனவே நாலைந்து இருக்கிறதே என்று கேட்பவர்களோடு நாங்கள் பேசுவதில்லை. டிரைவர்கள் மாமாவின் பொறுப்பு. எந்தக் காலத்து டிஸ்க்கைச் செருகினாலும் அதன் பாஷையைப் புரிந்துகொள்ளும் நிரல்கள் அவை. அந்த டிஸ்க்கில் இருப்பதை ஏதாவது ஒரு ஃபோல்டரில் கொண்டுபோய் மாட்டி, எல்லோருக்கும் தெரியவைப்பது என் பொறுப்பு. இதற்கு மவுண்ட் என்று பெயர். மற்ற சிஸ்டங்கள் ஆயிரம் நொட்டை சொல்லும். என்னுடையது சொல்லாது. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரிடம்கூட இந்தப் பெருமையைச் சொல்லியிருக்கிறேன்.

அன்று காலை மாமா, தன் கல்லூரிக் காலத்துப் படங்கள் கிடந்த கேமரா கார்டுக்கு டிரைவர் எழுதி முடித்தார்.

"எங்க வேணும்னாலும்னு பீத்திக்கிறியே மாப்ளே, 'முக்கியம்'ல மாட்டு பாப்போம்."

'முக்கியம்' அக்காவின் ஃபோல்டர். அக்கா நத்தைகளை ஆராய்கிறவள். வீட்டில் எல்லோருக்கும் முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுதான். அவள் அறையில் அதற்கு இன்னொரு திரை உண்டு. நச்சரித்து அவளை எங்கள் சிஸ்டத்துக்கு இழுத்தது நான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதும் நானேதான். மாட்டினேன். அழகாக மாட்டிக்கொண்டது. கை தட்டிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம்.

டீ பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து அலறல்.

"டேய்! என் நத்தை எங்கடா?"

ஓடிப்போய்ப் பார்த்தால் திரை முழுக்க மாமா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாருடையதோ ஒரு பைக்கில் சாய்ந்தபடி, படத்துக்குப் படம் மாமா. அந்த ஃபோல்டரில் இருந்த அவளுடைய நத்தை ஆய்வேட்டைக் காணோம். மாலை பல்கலைக்கழக அலுவலகம் மூடுவதற்குள் அதை அவள் கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம். "எங்க சிஸ்டம் இருக்கும்போது இன்னொரு காப்பி எதுக்குக்கா?" என்று கேட்ட மகானுபாவனும் அடியேன்தான்.

"ஒண்ணும் அழியலக்கா. உன் ஃபோல்டர் மேல மாமா கார்டு உக்காந்திருக்கு. இதோ, கழட்டிடறேன்."

முன்னறைக்குப் போய்க் கழற்றச் சொன்னேன். பெட்டி பதில் போட்டது: முடியாது. உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

இந்த விதியை எழுதியவன் நான். யாராவது பயன்படுத்தும்போது பிடுங்கினால் கோப்புகள் கெட்டுவிடும் என்ற நல்லெண்ணம். உள்ளே இருப்பது யார் என்று சொல்லவைக்கச் சோம்பல்பட்டவனும் நான்.

"உங்க டிரைவர்தான் விடமாட்டேங்குது மாமா."

"என் டிரைவர் தங்கம். உன் மவுண்ட்தான் கோளாறு."

பெட்டியையே அணைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பது எங்கள் சிஸ்டத்தில் அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது. அதனால் மாமாவின் டிரைவரை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தோம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. டிரைவரில் ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், உள்ளே இருப்பது யார் என்று கேட்கும் நிரலை எழுதி ஓட்டினேன்.

அக்கா.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம். காலையிலிருந்து அவள் அந்த ஃபோல்டரை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு மாமாவாகத் திறந்து, பின்னால் நத்தை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதை மூடிட்டு வெளிய வா."

"மாட்டேன். இருக்கிறதும் போயிடும்."

அக்காவைத் தூக்கி வெளியே போட என் நிரலில் வழி உண்டு. எங்கள் வீட்டில் இல்லை.

"பாய் மேல போர்வையை விரிச்சா பாய் போயிடுமாக்கா? நீ போர்வை மேல உக்காந்துகிட்டே பாயைத் தேடறே. எந்திரிச்சாத்தானே போர்வையை எடுக்க முடியும்?"

"எந்திரிச்சு, பாயும் இல்லன்னா?"

இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விளையாட்டாக நாங்கள் கை வைத்தது அவளுடைய இத்தனை வருஷ உழைப்பில் என்று அப்போதுதான் உறைத்தது.

"மாமா மேல சத்தியமாச் சொல்றேன்க்கா" என்றேன்.

"என்னை ஏண்டா இழுக்கறே?" என்றார் மாமா.

அக்கா எழுந்தாள். வலது கையால் ஃபோல்டரை மூடினாள். இடது கையால் என் காதைப் பிடித்தாள்.

"எடு. இல்லன்னா இது என் கையோட வந்துடும்."

மாமா தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அவள் திரையிலேயே, குனிந்தபடி, ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தட்டினேன். கார்டு கழன்றது. மாமா போனார், பைக் போனது. அக்கா 'முக்கிய'த்தைத் திறந்தாள். நத்தைகள், வைத்த இடத்திலேயே வரிசையாக இருந்தன.

அவள் அதோடு விடவில்லை. முதல் அத்தியாயம் திறந்தாள். இரண்டாவது திறந்தாள். ஓடு பற்றியது, சளி பற்றியது, எல்லாம் திறந்து, கடைசியில் நன்றியுரைக்கு வந்தாள். அதில் முதல் வரியிலேயே என் பெயரும் மாமா பெயரும் இருந்தன. தன் ஆய்வைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதற்காம்.

அக்கா அழ ஆரம்பித்தாள், காதை விடாமலேயே. நானும் அழுதேன். காது வலி என்று மாமாவிடம் சொன்னேன்.