புகார்ப் பிரிவில் ஒரு தலைவலி

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கு அந்தத் திங்கட்கிழமை எழுத்தர் வரவில்லை. அவருடைய ஒற்றைத் தலைவலி மட்டும் வந்தது. பத்து மணிக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, வேலையை ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, வந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. தலைக்கு மேலே ட்யூப்லைட் தானாக மங்கியது. பக்கத்து மேஜைக் கணக்கர் இடது புருவத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஃபேனை யாராவது நிறுத்துங்கப்பா, உயிர் போகுது" என்றார். பியூன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் நீட்டியபோது, எழுத்தரின் பெயருக்கு எதிரே மின்னல் கீற்றுப் போல ஒரு கோடு விழுந்தது. கையெழுத்து என்று அதை ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் அதைவிட மோசமான கையெழுத்துகள் உண்டு.

இதற்குக் காரணம் சட்டமன்றம். அரசு ஊழியர்களின் விடுப்பு, ஊதியம், ஓய்வுக்காலப் பலன்கள் பற்றிய திருத்த மசோதாவை அந்த வருஷம்தான் கொண்டுவந்தார்கள். கால்பந்து இறுதிப் போட்டி நடந்த நாளன்று தலைமைச் செயலகத்தில் பாதிப்பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது என்றும், வராத மீதிப்பேருக்குப் பல்வலி என்றும் தெரிந்து நிதி அமைச்சர் கொதித்துப்போயிருந்தார். நோய் விடுப்பு கேட்பவரின் நோய்ச் சான்றிதழ் அன்றைக்கே அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதச் சொன்னார். அச்சகத்தில் 'சான்றிதழ்' என்ற சொல் விழுந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நோய் விடுப்பு கேட்பவரின் நோய் அன்றைக்கே அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், வேலை நேரம் முடியும்வரை அங்கே இருக்க வேண்டும் என்று அரசிதழில் வெளியானது. மனிதர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவது ஒரு மாதிரி. நோய்கள் அப்படியில்லை, எழுதியது எழுதியபடி நடந்துகொண்டன.

எழுத்தரை அலுவலகத்தில் எல்லாரும் 'புகார் அக்கா' என்று கூப்பிட்டார்கள். மகள் பிறந்த வருஷம் தொடங்கிய தலைவலி அது. இடது கண்ணோரத்தில் வெயில் பட்ட கண்ணாடித் துண்டுபோல ஏதோ மினுங்கும். கொஞ்ச நேரத்தில் யாரோ ஆணி அடிக்க ஆரம்பிப்பார்கள். அவருக்கிருந்த நோய் விடுப்பை எல்லாம் அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலே விழுங்கிவிட்டது. இனி எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதால், தலைவலியோடு உட்கார்ந்தே ஊரின் புகார்களைக் கேட்டுவந்தார். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கத்துவார். வருகிறது, ஆனால் நாறுகிறது என்று இன்னொருவர் கத்துவார். வந்தது நிற்கவே இல்லை என்று மூன்றாமவர் கத்துவார். வீட்டுக்கு வந்தால், தையற்காரரான கணவர் அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையல் மிஷினை நிறுத்திக் கைத்தையலுக்கு மாறிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். ஆனால் அதை ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே முடியவில்லை. சம்பளம் போனால் போகட்டும் என்று பொறியாளருக்குப் போன் செய்தார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும். தலைவலி."

"எடுத்துக்குங்கம்மா. ஆனா புது சட்டப்படி தலைவலி இங்க வந்தாகணும்" என்றார் பொறியாளர். காலையில் வந்த சுற்றறிக்கையை அப்படியே படித்தார், அவ்வளவுதான், யோசித்துச் சொன்னதல்ல.

போனை வைத்ததும் வலி எழுந்து போய்விட்டது. வாசல் திரைச்சீலை அசைவதைக் கணவரும் பார்த்தார்.

"என்னங்க, போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"தலைவலி."

"எங்க போச்சு?"

"ஆபீசுக்குதான் போயிருக்கும்" என்றார் புகார் அக்கா.

சாயங்காலம் அலுவலகம் விட்டதும் அது திரும்பி வந்தது. நாளெல்லாம் ஊராரின் புகாரைக் கேட்டுக் களைத்துப்போயிருந்ததால் புருவத்தின் மேல் ஏறிப் படுத்து அப்படியே தூங்கிவிட்டது. இவ்வளவு அடக்கமாக அது இருந்து புகார் அக்கா பார்த்ததில்லை. மறுநாளும் விடுப்பு சொன்னார்.

விஷயம் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. கணக்கரின் முதுகுவலி வந்தது. உட்கார முடியாமல் நாள் முழுக்க நடந்துகொண்டே இருந்தது. ஓட்டுநரின் மூட்டுவலி மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டதால், வருகைப் பதிவேட்டைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. பண்டகக் காப்பாளரின் குறட்டையை நோயாகச் சேர்க்கலாமா என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். இல்லாத காய்ச்சலைச் சொல்லி விடுப்பு கேட்ட உதவியாளர் ஒருவர்தான் மாட்டிக்கொண்டார். அவர் பெயரில் யாரும் வந்து சேரவில்லை. பொறியாளர் விளக்கம் கேட்ட அன்று மதியமே உதவியாளருக்கு உண்மையான காய்ச்சல் கண்டது. அது நேரே அலுவலகத்துக்கு வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பதுபோல மூலையில் நின்றது.

தணிக்கைக்கு வந்தவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: நாற்காலி காலியாக இல்லாதபோது அதை விடுப்பு என்று எழுத முடியாது, பணிநாள் என்றுதான் எழுத வேண்டும். எனவே யாருக்கும் சம்பளம் பிடிக்கவில்லை. மற்ற நோய்கள் இந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தன. தலைவலி மட்டும் வேலை செய்தது. புகார் சொல்லக் கத்திக்கொண்டு வருபவர்கள் மேஜையை நெருங்கியதும் குரலை இறக்கி, சொல்ல வேண்டியதை நாலு வார்த்தையில் சொல்லி முடித்தார்கள். உதவிப் பொறியாளர்களால் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார முடியவில்லை. ஏதாவது குழாய் உடைந்திருக்கிறதா என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உடைந்ததெல்லாம் சரியானது. பிறகு உடையப்போவதையும் போய்ப் பார்த்தார்கள். பல வருஷமாகக் காற்று மட்டுமே வந்துகொண்டிருந்த மேட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தபோது, அந்தத் தெருக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்து, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், நாற்காலியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் புகார் அக்காவுக்குப் பகல் என்று ஒன்று கிடைத்தது. காலைப் பதினோரு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறைக்குள் வெயில் வந்து குழம்புச் சட்டிவரை எட்டிப் பார்க்கும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷம் வலிக்குப் பயந்து சேர்த்துவைத்திருந்த பேச்சு எல்லாம் கணவரின் தலையில் இறங்கியது. அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு 'ம்' கொட்டினார். பேச்சு தீர்ந்த பிறகு புகார் அக்கா பாட ஆரம்பித்தார், சுருதி சேரவில்லை. கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்று, "அப்பா, உள்ள யாரு?" என்று கேட்டாள். "உங்கம்மாதான்" என்றார் அவர். "எனக்கும் இப்பதான் அறிமுகம்."

இப்படி மூன்று கூட்டத்தொடர்கள் போன பிறகு சட்டமன்றம் விழித்துக்கொண்டு, விடுபட்ட சொல்லைத் திரும்பச் சேர்த்தது. நோய்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றானது. ஆனால் எந்தச் சட்டத்துக்கும் ஒரு வால் உண்டு: ஏற்கெனவே பணியில் இருந்து தகுதிகாண் பருவத்தை நல்லபடியாக முடித்தவர்களுக்கு இத்திருத்தத்தால் பாதிப்பு வராது என்று ஒரு பிரிவு. மாநிலம் முழுவதும் தேடியதில் அப்படி முடித்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு உத்தரவும் வந்தது. பணி நிரந்தரம், மேற்பார்வை அலுவலராகப் பதவி உயர்வு, தலைநகருக்கு மாற்றல்.

புகார் அக்கா பதறியடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். பொறியாளர் நெற்றியில் தைலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சர்வீஸ் எல்லாம் இனி அது பேர்ல போகும்மா" என்றார். "சம்பளம், பென்ஷன், எல்லாம்."

"சார், அது என் தலையில பொறந்தது."

"அதை யாரும் மறுக்கல. ஆனா அட்டெண்டன்ஸ் போட்டது அதுதானே?"

"அப்ப நான்?"

பொறியாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. அது தனக்கு வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு உங்க தலைக்கே திரும்பணும். நீங்க பழையபடி இந்த நாற்காலிக்கு வரலாம். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடலாம்."

அவர் வீட்டுக்கு நடந்தே வந்தார். மகளின் படிப்பு முடியவில்லை. வாழ்நாளெல்லாம் வலியோடு உட்கார்ந்து சம்பாதித்த ஓய்வூதியத்தை அந்த வலியே தூக்கிக்கொண்டு போகிறது என்பதை நினைக்க நினைக்க அழுகை வந்தது; அழுதால் தலை வலிக்கும் என்ற பழைய பயத்தில் அடக்கிக்கொண்டார். பிறகு வலிக்க அது இங்கே இல்லையே என்று ஞாபகம் வந்து, நடுத்தெருவில் நின்று நன்றாக அழுதார்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"போனா போகட்டும். மிஷின் ஓடற வரைக்கும் நமக்குச் சோத்துக்குப் பஞ்சமில்ல."

"அது சரிங்க. என் உழைப்பு?"

"உன் உழைப்புதான். ஆனா பழையபடி அந்த நாற்காலில உன்னை உக்கார வெக்க நான் சம்மதிக்க மாட்டேன். உன் பாட்டு சகிக்கல. ஆனா அது நிக்கறதும் எனக்கு வேண்டாம்."

சாயங்காலம் தலைவலி வந்தது. பதவி உயர்வு கிடைத்த குதூகலம் எதுவும் அதனிடம் இல்லை. குற்றம் செய்த பிள்ளைபோல வாசற்படியிலேயே தயங்கியது. புகார் அக்கா திட்டுவதற்கு என்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஏனோ வாயில் வரவில்லை. ஒன்றை நேர் செய்யாமல் விட மாட்டேன் என்ற பிடிவாதத்தோடு அது உட்கார்ந்து அமுக்கியிருந்த மெத்தையை இன்றைக்கு அலுவலகம் போனபோதுதான் அவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?

"உள்ள வா" என்றார். அது வந்து நெற்றியில் உட்கார்ந்தது. வழக்கமான ஆணி அடிக்கவில்லை. கை வைத்ததுபோல மட்டும் கனத்தது. "நான் உன்னைத் தடுக்கல. போய் நல்லா வேலை பாரு. அங்க யாராவது உனக்குன்னு யார் இருக்காங்கன்னு கேட்டா, இல்லாதவ மாதிரி என்னை விட்டுடாத."

ஞாயிற்றுக்கிழமை அதை வழியனுப்பக் கணவன் மனைவி இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். ஜன்னலோர இருக்கை வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் சற்று நேரத்திலேயே எழுந்து பின்னால் போய்விட்டதால் அது வசதியாகவே பயணம் செய்தது.

தலைநகரில் பணியில் சேர்ந்த அன்றே குடும்ப விவரம் கேட்டார்கள். அது யோசிக்கவில்லை. மனைவி, மக்கள் இல்லை. தன்னை நம்பியிருப்பவர் தாய் என்று சொல்லி, புகார் அக்காவின் பெயரைக் கொடுத்தது. ஊழியரின் தாய்க்கு என்னென்ன உண்டோ அத்தனையும் சட்டத்திலேயே இருந்தது; யாரும் எதையும் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. முதல் மாதம் சம்பளத்தில் தன் செலவுக்கு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் அது அனுப்பிவைத்தது. தலைவலிக்குச் சாப்பாடா, வாடகையா? எத்தனையோ பிள்ளைகள் செய்யாததை அது செய்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மகள் படிப்பை முடித்தாள். தங்கைமேல் அதற்குப் பாசம் இருந்திருக்க வேண்டும். தேர்வுக் காலங்களில் ஊருக்கு வருவதை அது தவிர்த்தது.

தலைமையகத்தில் அதன் காலம் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆலோசனைக் கூட்டங்கள் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தன. பெரிய மனிதர்கள் சிபாரிசுக்கு வந்து, வந்த காரியத்தை மறந்து, மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஓய்வு பெற்ற நாளில் பிரிவு உபசார விழாவை விளக்கை அணைத்து நடத்தினார்கள். யாரும் நீளமாகப் பேசவில்லை, மைக் வைக்கவில்லை, கைதட்டவில்லை. அரசுப் பணியில் இதுவரை நடந்ததிலேயே மரியாதையான விழா அதுதான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு அது மூடுபனி அதிகமாக இருக்கும் மலையூர் ஒன்றில் போய்த் தங்கிவிட்டது. வெளிச்சமும் சந்தடியும் இல்லாத இடம் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஓய்வூதியம் பெறுகிறவர் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் காட்ட வேண்டும். இந்த விதிக்கு மட்டும் சட்டமன்றம் விலக்கு அளிக்கவில்லை. எனவே வருஷத்தில் ஒரு நாள் அது மலையிலிருந்து இறங்கி வருகிறது. அன்றைக்கு ஆகாரம் எதுவும் இறங்காது என்பதால் புகார் அக்கா முந்தின நாளே நன்றாகச் சாப்பிட்டுவிடுகிறார். நெற்றியில் அதைச் சுமந்துகொண்டு, கணவரின் தோளைப் பிடித்து, கண்ணை இடுக்கியபடி வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தி வழி விடுகிறார்கள். இந்த வருஷம் கருவூலத்தில் ஊழியர் புதியவர். ஆனால் அவரிடமும் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லா இருக்காங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் புகார் அக்கா, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு. "முன்னைவிடக் கொஞ்சம் வலு கூடியிருக்கு. மலைக்காத்து ஒத்துக்குது போல."

ஊழியர் அவர் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. முத்திரையைச் சத்தம் வராமல் மெல்ல அழுத்தி எடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.