பாலம்மாவின் பதினான்காவது சாவு

தலாத்துஓயாவுக்கு இந்தப் பக்கம் பஸ் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டி அரை மணித்தியாலம் நின்றுவிட்டது. அதனால் பாலம்மாவுக்குக் கிடைத்தது பதினான்காம் இலக்கம், கடைசி இலக்கம். கண்டி வாவிக்கு மேலே ஏறும் தெருவில் இருந்த மண்டபத்தின் வாசலில் இலக்கத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்த பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"மகளக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா, ஆன்ட்டி?"

"மக வீட்ல இருக்கா. நான் எனக்குத்தாம்மா வந்தேன். சத்தியபாமாவுக்கு."

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்து, பேனாவை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன? உள்ளே கதிரைகளில் காத்திருந்த மற்றப் பதின்மூன்று பேரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பாலம்மாவுக்கு நாற்பத்தாறு.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் கங்காணி. முப்பத்திரண்டு பெண்களை மலையேற்றி, நிரை பிரித்துவிட்டு, பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை அவர்களை மேய்க்கிற வேலை. அதற்குப் படிப்பு எவ்வளவு வேண்டுமோ தெரியாது, தொண்டை வேண்டும். பாலம்மா இந்த மலையில் நின்று "ஏய்!" என்றால் எதிர் மலையில் ஒளிந்து வெற்றிலை போடுகிறவள் துப்பிவிட்டு எழும்புவாள்.

இந்த நாடக ஆசை போன தீபாவளிக்கு வந்தது. கண்டியில் ஒரு குழு வருசா வருசம் தீபாவளிக்கு நரகாசுரன் கதையை மேடையேற்றும். அம்மா கையால் தவிர வேறு எவர் கையாலும் சாகாத அசுரன். தான்தான் அவன் அம்மா என்று தெரியாமலே வில்லெடுத்து வரும் சத்தியபாமா. போன வருசம் சத்தியபாமாவாக வந்த பெண், பெற்ற மகனைக் கொன்றுவிட்டு, மூக்குத் துடைக்கும் லேஞ்சியைத் தொலைத்தவள் மாதிரி அழுதாள். பாலம்மாவால் பொறுக்க முடியவில்லை. "நானா இருந்தா இத விட நல்லா செய்வேன்" என்று பக்கத்தில் இருந்த புருசன் கணேஸிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கணேஸுக்கு வாய் சும்மா இருக்காது. "நாப்பத்தாறு வயசுல சத்தியபாமாவா? சத்தியபாமாவோட மாமியா பார்ட்டு இருந்தாக் கேட்டுப் பாரு" என்று வருசம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அவன் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு வீம்பு ஏறியது. நடிகர் தேர்வுக்கான காட்சி வட்சப்பில் வந்ததும், மூன்று வாரம் தேயிலைக்கு நடுவில் நின்றே பேசிப் பழகினாள். அவள் பேசப் பேசக் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லோருக்கும் வசனம் மனப்பாடமாகிவிட்டது. இன்று வெறுங்கையோடு போனால், நாளைக் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் முப்பத்திரண்டு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அதற்கும் மேலாக, அவளுக்கு அந்த மேடை வேண்டும். வேலை வாங்குவதற்காக இல்லாமல், நாலு பேர் வாய் மூடிக் கேட்பதற்காக ஒரு தரம் பேச வேண்டும்.

பதினொரு மணிக்கு இயக்குநர் சோதிலிங்கம் மேடைக்கு முன்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து முப்பது வருசமாகியும் அவருடைய தமிழ் ஆனையிறவைத் தாண்டவில்லை.

"எல்லாரும் சத்தியபாமாவுக்குத்தானே வந்திருக்கிறியள்? நரகாசுரனுக்கு ஆள் இருக்கு, ராஜரத்தினம். அவர் கடையைப் பாத்திட்டுப் பிந்தித்தான் வருவார். அதுவரைக்கும் ஆராவது நரகாசுரனை வாசிச்சு விடவேணும்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கள்தானே கடைசி? வாசியுங்கோவன்."

ஒப்புக்குச் சப்பாணி. பாலம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இயக்குநர் சொல்லி மறுத்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதாகிவிடுமே என்று எழும்பிப் போனாள்.

முதல் பிள்ளைக்குச் சும்மா பார்த்து வாசித்தாள். இரண்டாவது பிள்ளை வில்லைப் பிடிப்பதாகக் கையை நீட்டியபோது, இவளுக்குத் தானாகவே நெஞ்சு நிமிர்ந்தது. "மூன்று உலகமும் என் வாசலில் காத்துக் கிடக்கிறது. நீ யாரடி, தனியே வந்து நிற்கிறாய்?" என்று மலைக்குரலில் ஒரு போடு போட்டாள். கூரையில் ஓடித் திரிந்த குரங்குகள் நின்றுவிட்டன. அந்தப் பிள்ளை பயந்து ஓரடி பின்னால் போய், பிறகுதான் வசனத்தைப் பிடித்தாள்.

"அப்பிடி!" என்றார் சோதிலிங்கம். "அப்பிடியே செய்யுங்கோ!"

அதற்குப் பிறகு பாலம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் சாவில் மண்டியிட்டு விழுந்தாள். ஐந்தாம் சாவில் மல்லாந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள், வலி தெரியவில்லை. ஏழாம் சாவில் விழாமலே நின்றபடி செத்துப் பார்த்தாள், அதுவும் நன்றாக இருந்தது. சாவதில் இத்தனை சந்தோசம் இருக்கிறதென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. முகமெல்லாம் வேர்த்து, கொண்டை அவிழ்ந்து, அடுத்தவள் எப்போது வருவாள், அடுத்த அம்பு எப்போது பாயும் என்று நின்றாள்.

பத்தாம் சாவில் தொண்டை கரகரத்தது. பன்னிரண்டில் குரல் இரண்டாக உடைந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இன்னும் ஒருத்திதான் பாக்கி, அதற்குப் பிறகு தன்னுடைய முறை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் செத்துச் செத்தே தன் குரலைத் தீர்த்துவிட்டாள்.

பதின்மூன்றாம் இலக்கம் யசோதினி. தெல்தோட்டைப் பிள்ளை, பேராதனையில் படிக்கிறாள். மேடை ஏறுவதற்கு முன் ஓடிப்போய் இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று வாங்கி வந்து பாலம்மாவின் கையில் கொடுத்தாள்.

"குடிங்கக்கா. எனக்கு மெதுவா வாசிச்சாப் போதும். ஒங்க முறைக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சுக்கங்க."

பாலம்மா மடக்மடக்கென்று குடித்தாள். ஆனால் மேடையில் ஏறியதும் மெதுவாக வாசிக்க அவளுக்குத் தெரியவில்லை. மிச்சம் இருந்ததையும் கொட்டிவிட்டாள். யசோதினி நன்றாகச் செய்தாள், பதின்மூன்று பேரிலும் அவள்தான் நன்றாகச் செய்தாள். பாலம்மா கீழே கிடந்தபடி அதைப் பார்த்து மனசார மெச்சினாள்.

"பதினான்கு. பாலம்மா."

இப்போது யசோதினி நரகாசுரனை வாசித்தாள், பாலம்மா வில்லெடுத்தாள். மூன்று வாரம் மலையில் பழகிய சத்தியபாமா. ஒரு சொல் பிசகவில்லை. குரல் கிழிந்த பாயாக வந்தது, ஆனாலும் வந்தது. "மகனே! பெற்ற வயிறே உனக்கு எமனாகிவிட்டதே!" என்று அழுதாள். அழும்போதே தன் காதில் தன் அழுகை விழுந்தது. போன வருசத்துப் பெண் தோற்றாள். இவள் லேஞ்சியை மட்டுமல்ல, அதை வைத்திருந்த பையையும் சேர்த்துத் தொலைத்தவள் மாதிரி அழுதுகொண்டிருந்தாள்.

பாலம்மா பாதியில் நிறுத்தினாள்.

"என்ன, வசனம் மறந்திட்டியளோ?" என்றார் சோதிலிங்கம்.

"மறக்கலங்க. எனக்கு இது வராது. எனக்கு சத்தியபாமா வேணாங்க. நரகாசுரனக் குடுங்க."

மண்டபத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ராஜரத்தினம் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தார். டவுனில் புடவைக்கடை வைத்திருப்பவர், ஏழு வருசமாக இந்தக் குழுவின் நரகாசுரன். அவருடைய மீசைக்காகவே நாடகம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர் ஒரு நாளும் தேர்வுக்கு நின்றதில்லை, யாரும் நிற்கச் சொன்னதும் இல்லை.

"பொம்பள அசுரனாங்க? சனம் சிரிக்கும் சோதிலிங்கம் அண்ணே."

சோதிலிங்கம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சனம் என்ன செய்யும் எண்டு இஞ்ச இருந்துகொண்டு எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு பேரும் செய்து காட்டுங்கோ. யசோதினி, நீர் சத்தியபாமா."

ராஜரத்தினத்துக்கு முகம் கறுத்தது. ஆனாலும் கடைக்காரர், எதிர்க்கடை திறந்தால் கடையை மூடிவிட்டுப் போகிறவர் இல்லை. மேடை ஏறி மீசையைத் தடவி ஒரு சிரிப்புச் சிரித்தார், மண்டபம் அதிர்ந்தது. வசனம் தண்ணீராக ஓடியது. அம்பு பட்டதும் பின்னால் திரும்பித் தரை சுத்தமா என்று பார்த்து, காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு பக்குவமாக விழுந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பாலம்மாவும் தட்டினாள்.

பிறகு அவள் ஏறினாள். வாயைத் திறந்தாள். மலையைக் கூப்பிடும் அந்தக் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "மூன்று உலகமும்..." என்று அவள் தொடங்கியது மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ராஜரத்தினமும் எழும்பி வந்தார்.

கத்த முடியாத அசுரன் வேறு என்ன செய்வான்? பாலம்மா யசோதினியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பேசப் பேச ஒவ்வொரு அடியாகக் கிட்ட வந்தாள். அம்பு பாய்ந்தது. அவள் விழவில்லை. தன் நெஞ்சைப் பார்த்தாள், பிறகு யசோதினியைப் பார்த்தாள். "அம்மா, நீயா?" என்று கேட்டாள். அதில் கோபமில்லை. சந்தைக் கூட்டத்தில் தவறிப்போய், அழுது களைத்து, கடைசியில் அம்மாவின் சேலையைக் கண்டுபிடித்த பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் கால் மடங்கியது.

"உன் கையாலே போகிறேன், எனக்குக் குறையில்லை. ஒன்று மட்டும் கொடு. நான் செத்த நாளில் ஒரு வீட்டிலும் அழுகை கேட்கக்கூடாது. எல்லா வீட்டிலும் விளக்கு எரியட்டும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி உடுத்திவிடு, அம்மா."

அடுத்தது யசோதினியின் வசனம்.

"பிள்ளை, உம்மட வசனம்!" என்றார் சோதிலிங்கம்.

"ஏலாது சேர்" என்றாள் யசோதினி. மூக்கை உறிஞ்சினாள். "கொஞ்சம் இருங்க சேர், என்னால ஏலாது."

சோதிலிங்கம் தாளை மடித்தார். "எல்லாம் சரி. ஆனா நாடகம் போடுற அண்டைக்கு முந்நூறு பேர் இருப்பினம். இந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேக்குமே?"

பாலம்மா தரையிலிருந்து எழும்பினாள். "நாளைக்கு வந்துருங்க" என்று காற்றாகச் சொன்னாள். "எதிர் மலையில நிக்கிறவளக் கூப்புட்டுத்தாங்க நான் கஞ்சி குடிக்கிறேன். கடசி வரிசை என்னங்க, ரோட்டுல போறவனுக்கும் கேக்கும்."

"ஓம்" என்றார் சோதிலிங்கம். "அப்ப சரி. யசோதினி சத்தியபாமா. பாலம்மா நரகாசுரன். ராஜரத்தினம், இந்த முறை நீர் கிருஷ்ணர்."

"கிருஷ்ணனா!" ராஜரத்தினத்தின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. "அப்ப மீச?"

மண்டபமே வெடித்துச் சிரித்தது. ராஜரத்தினம் சிரிக்கவில்லை. முறைத்தபடி பாலம்மாவிடம் வந்து, "கடைசில தரையப் பாக்காம விழுந்தீங்களே, முதுகு போயிரும், பாத்து விழுங்க" என்று அதட்டிவிட்டுப் போனார்.

பாலம்மாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாள். சத்தமே வரவில்லை. யசோதினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்போது கைப்பையில் ஃபோன் அடித்தது. கணேஸ்.

"என்னா புள்ள, முடிஞ்சுதா?"

பாலம்மா வாயைத் திறந்தாள். புஸ்ஸென்று மூச்சுத்தான் போனது.

"என்னா, பேச மாட்டேங்குற?" அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "அழுவுறியா? அட, விடு புள்ள. போகட்டும் விடு. நான் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன், மாமியா பார்ட்டுன்னு. நீ மேல பேசிப் பழகுறப்ப நான் பைப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். தண்ணி ரொம்பி வழிஞ்சது கூடத் தெரியல. அந்தக் கண்டிக்காரவங்களுக்கு என்னா தெரியும்? ஒன்ன வேணாம்னு சொன்னா நட்டம் அவங்களுக்குத்தான். நீ வா. பஸ் கிட்ட நான் வந்து நிக்கிறேன்."

இருபத்தைந்து வருசத்தில் அவன் இவ்வளவு நீளமாக நல்ல வார்த்தை பேசியதில்லை. பாலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபோனைக் காதோடு அழுத்தி, ஒரு சொல் விடாமல் கேட்டாள். யசோதினிக்குத்தான் பொறுக்கவில்லை. ஃபோனைப் பறித்தாள்.

"அண்ணே, அக்கா அழல! சத்தம் போயிருச்சு, அவ்ளோதான்! அக்காவுக்குக் கெடச்சிருச்சு! அக்காதான் நரகாசுரன்!"

"யாரு?" என்றான் கணேஸ்.

"நரகாசுரன்! அசுரன் பார்ட்டு!"

ஃபோனை எங்கோ வைத்துவிட்டு அவன் வெளியே ஓடுவது கேட்டது. லயத்து வீட்டு வாசலில் நின்று அவன் போட்ட கூச்சல் கண்டி மண்டபம் வரை வந்தது. "ஏய், எல்லாரும் வாங்க! நம்ம பாலம்மாதான் அசுரன்! கண்டியில பெரிய ஆளுங்களே பாத்துச் சொல்லிட்டாங்க! இருவத்தஞ்சு வருசமா நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தராச்சும் நம்புனீங்களா?"

லயம் முழுக்கச் சிரிப்பும் கூவலும் கேட்டன. இதற்கு மட்டும் பதில் சொல்லத் தொண்டையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம் என்று பாலம்மா நினைத்தாள்.