வெள்ளிக்கிழமை ரொட்டி

ஈயப் பேப்பரை விலக்கித் தட்டைத் திறந்து காட்டினாள் அந்தப் பெண். உள்ளே தடித்த சோளமா ரொட்டிகள், சூடு ஆறாமல் இருந்தன. பியூனரல் ஹோமின் பின்னறையில், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில், பேர்ணடெற் வெள்ளைச் சீலையோடு நின்றாள். முன்னறையில் அவள் புருசன் கிறிஸ்துநாயகம் கையில் செபமாலையோடு பெட்டிக்குள் கிடந்தார். பதினொரு மணிக்குக் கோயிலில் பூசை.

வந்தவள் பெயர் றோசா. எல் சல்வடோர்க்காரி. கிறிஸ்துநாயகம் வேலை செய்த வெயார்ஹவுசுக்கு அடுத்த பிளாசாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம். இந்த ரொட்டிக்குப் பெயர் புபூசாவாம். இருவருடைய ஆங்கிலமும் ஒரேயளவு உடைசல் என்பதால் இருவருக்கும் நன்றாகவே விளங்கியது.

றோசா ஒன்றைப் பிய்த்துக் காட்டினாள். உருகிய சீஸுக்குள் பச்சைப் பச்சையாகப் பூமொட்டுகள்.

"லொரோக்கோ. எங்கள் ஊர்ப் பூ. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து இரண்டு சாப்பிடுவார். இறைச்சி வைத்ததைத் தொடமாட்டார். வெள்ளியல்லவா, பூ வைத்ததுதான் வேண்டும்."

"எத்தனை வருசமாக?"

"கடை திறந்த நாள் முதல். பதினாறு."

பிறகு அவள் பேர்ணடெற்றின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மகனுக்காக உபவாசம் இருக்கிற மனைவி நீங்கள்தானே? உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போனாள்.



மகன் மரியோ ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, மடு மாதாவுக்கு இருவரும் சேர்ந்துதான் நேர்ந்தார்கள். பிள்ளை தப்பினால் சாகும்வரை வெள்ளிக்கிழமை ஒருசந்தி, பின்னேரம் ஆறு மணிவரை தண்ணீர் மட்டும். இருபத்தெட்டு வருசம். ஆறு மணிக்கு மனுசன் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்வார். பாவம், பாரம் தூக்குகிற உடம்பு என்று உளுத்தங்கஞ்சியில் முதல் கோப்பையை அவருக்குத்தான் கொடுப்பாள். போன வருசம் அவளுக்குச் சீனி வருத்தம் கூடி, பட்டினி கிடக்கவேண்டாம் என்று டொக்டர் சொன்னபோது, "இஞ்சாருங்கோ, விடுவமே?" என்று கேட்டாள்.

"நேர்ந்ததை விடலாமே, பேர்ணடெற்?" என்றார் கள்ளன். வயிறு நிறைந்த கள்ளன்!

அவருக்கு வேறொருத்தி இருந்திருந்தால் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருக்கலாம். இரண்டு ரொட்டிக்கு என்னத்தைச் சொல்லி அழுவது?

மரியோ கையில் தாளோடு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அம்மா, ஸ்பீச்சை ஒருக்காக் கேளுங்கோ. சேர்ச்சிலை இதைத்தான் வாசிக்கப்போறன். 'டாட் நெவர் மிஸ்ட் எ ஃப்ரைடே. எனக்காக இருபத்தெட்டு வருசம் பட்டினி கிடந்தவர். ஐ ஆம் அலைவ் பிகாஸ்...'" அதோடு நிறுத்தி, தாளை அவளிடம் நீட்டினான். "சரிதானே அம்மா? உதிலை பிழை ஏதும் இருக்கோ?"

சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவனுடைய டை கோணலாக இருந்தது. அதை நேராக்கி விட்டாள்.

"ஒண்டும் இல்லை. அப்பிடியே வாசி."

சுவர் மணிக்கூட்டில் ஒன்பதரை. பேர்ணடெற் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"அம்மா! இண்டைக்கு ஃப்ரைடே!"

அவள் அவசரப்படாமல் மென்றாள். பூ முதலில் லேசாகக் கசந்தது. பிறகு நன்றாகத்தான் இருந்தது.

"ஓம், தெரியும்," என்றவள் இரண்டாவதை எடுத்தாள்.