பத்து லட்சத்து ஒன்று

போட்டியின் கடைசிக் கேள்வியைப் பெமிலாதான் எழுதியிருந்தாள். பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா, பகு எண்ணா? கருங்கல் பக்கத்துப் பள்ளியொன்றில் பதினாறு வருஷமாகக் கணக்கு டீச்சர் அவள். கணக்கு ஆசிரியர்களுக்கு ஆசிரியர் சங்கம் நடத்தும் வினாடி வினா அந்த வருஷம் அவள் பள்ளியில் நடந்ததால் நடுவராகவும் உட்கார வைத்துவிட்டார்கள்.

அதே பள்ளி ரிஜோ சார் பகா எண் என்றார். மணவாளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த செல்லக்கனி டீச்சர், இல்லை, பகு எண் என்றார். எதால் வகுபடும் என்று பெமிலா கேட்டாள். மணி அடிக்கும்வரை பதில் வரவில்லை. கேடயம் ரிஜோவுக்குப் போனது. செல்லக்கனியும் கைதட்டிவிட்டு பஸ் ஏறினார்.

செல்லக்கனி சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற ஆளில்லையே என்பது வீட்டுக்கு வந்தும் பெமிலாவை அரித்தது. கேள்வி தயாரித்த நோட்டை எடுத்தாள். இரண்டிலிருந்து தொண்ணூற்றேழு வரை இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருந்தாள். எதாலும் அது மீதியில்லாமல் வகுபடவில்லை. ஆயிரம் வரை பார்க்கவேண்டும் என்று தெரியும். அன்றைக்கு அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும் என்று நோட்டை மூடிவிட்டாள்.

இப்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அடுத்த பகா எண் நூற்றொன்று. வகுத்தாள். ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி பூஜ்யம்.

அதைவிட மோசமானது பிறகுதான் கண்ணில் பட்டது. பத்து லட்சம் என்பது நூற்றின் கனம், மிச்சமுள்ள ஒன்று ஒன்றின் கனம். இரண்டு கனங்களின் கூடுதலைக் காரணிப்படுத்தும் சூத்திரத்தை வருஷாவருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு அவளே நடத்துகிறாள்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் இஸ்ரவேலிடம் சொன்னாள். பேப்பரில் போட்டோ வந்தாயிற்று, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் கோப்பைத் திறந்துகொண்டார். வெளியே வந்து செல்லக்கனிக்குப் போன் செய்தாள்.

"நூத்தியொண்ணு," என்றார் செல்லக்கனி. "பஸ்ஸு திங்கள்நகர் தாண்டும்ப கிட்டிச்சு."

"பின்ன ஏன் டீச்சர் போன் விளிச்சுச் சொல்லல்ல?"

"கேட்ட நேரம் சொல்ல முடியல்லியே. தோத்தது தோத்ததுதானே."

"பகுவா பகாவான்னுதான் கேள்வி. அதுக்கு நீங்க சரியாத்தான் சொன்னிய. எதால வகுபடும்னு கேட்டது நான் கூடுதலா கேட்டது."



பெமிலா நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு ஆசிரியர் சங்கத்துக்கு அனுப்பினாள். ரிஜோ ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து இரண்டு எண்களையும் கையாலேயே பெருக்கிப் பார்த்தார். எழுந்துபோய்த் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து கேடயத்தை எடுத்துவந்தார். சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கொண்டுபோய்ச் செல்லக்கனியிடம் கொடுத்தார்கள். இஸ்ரவேல் சார் அந்தப் பருவம் முடியும்வரை பெமிலாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷம் கேள்வி தயாரிக்கச் செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள். பெமிலா போட்டியில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தாள். மூன்றாவது சுற்றில் தோற்றாள்.